மீதிச் சொல்

யம்மா, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கிடக் கூடாது. திருச்செந்தூர்ல பஸ் ஏறுனதுல இருந்து ஒங்களையேதான் பாத்துக்கிட்டு வாறேன். பக்கத்துல இருந்த அம்மா குரும்பூர்ல இறங்குனதும் ஓடியாந்து உக்காந்துட்டேன். பைய இறுக்கிப் பிடிக்காதிய, நான் திருடி இல்ல.

எங்கள மாதிரி ஆளு, நெத்தியில துண்ணூறு பூசுத ஆளு, ஒங்க கலிமாவ வாயத் தொறந்து சொல்லிட்டா, சொன்ன நிமிசமே மாறிருமா? இல்ல அதுக்குன்னு வேற சடங்கு ஏதும் இருக்கா? பள்ளிவாசல் அசரத்து வந்து ஓதணும், பேரு மாத்தணும், அப்படி இப்படின்னு?

மெதுவா பேசுங்க தாயி. அந்தா முன்னால செவப்புத் துண்டு போட்டுருக்காருலா, அவரு எங்க ஊருக்காரரு மாதிரி இருக்கு. மூஞ்சி சரியாத் தெரியல. அவரா இருந்தா, நாம பேசுதது எங்க கொழுந்தன் காதுக்குப் போயிரும்.

ஏன் கேக்கேன்னா... இருங்க, மொதல்ல இருந்து சொன்னாத்தான் ஒங்களுக்கு வெளங்கும். நீங்க பாளையங்கோட்டைலதான இறங்குவிய? நேரம் கெடக்கு.

எம்பேரு உலகம்மாள். பாவூர்சத்திரத்துப் பக்கம். வீட்டுக்காரரு போயிச் சேந்துட்டாரு. மவன் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கான். நான் நோயாளிகளப் பாத்துக்கிடுத வேலைக்குப் போறவ. தென்காசில ஒரு ஆபீஸ் இருக்கு. அவங்க எங்க அனுப்புதாங்களோ அங்க போயி, வீட்டோட தங்கி, குளிப்பாட்டி, கஞ்சி குடுத்து, மாத்திர குடுத்து, பீ மூத்திரம் அள்ளணும். அம்புட்டுதான். யாரு மேலயும் பாசம் கீசம்னு வச்சிக்கிடுத வழக்கம் நமக்குக் கெடையாது. வச்சிக்கிட்டா வேல பாக்க முடியாது, பாத்துக்கிடுங்க.

போன ஐப்பசில ஆபீஸ்ல கூப்புட்டு, "காயல்பட்டினத்துல ஒரு வீடு. வயித்துல புத்துநோய். பொம்பள. போறியா?"ன்னாவ. பொம்பளன்னதும் சரின்னுட்டேன். ஊருல வந்து சொன்னா எங்க கொழுந்தன் குதிக்கான். "ஒனக்கு வேற வீடே கெடைக்கலியா? மாட்டுக்கறியத் திங்க வச்சி, எதையாவது ஓதி, ஆள மாத்திருவாளுவ. மாறிட்டன்னு கேள்விப்பட்டேன், ஊரைக் கூட்டிருவேன்"னான். அவன் பொண்டாட்டி, "மதினி, தண்ணி குடுத்தாக்கூட மோந்து பாத்துக் குடிங்க"ங்கா.

நான் பயந்தவதான் தாயி. இல்லன்னு சொல்ல மாட்டேன். முந்தானையில வேப்பெலய முடிஞ்சிக்கிட்டுதான் போனேன்.

வீடுன்னா வீடு, அம்மாடி! முன்வாசல் ஒரு தெருவுல இருக்கு, பின்வாசல் ஒரு முடுக்குச் சந்துல இருக்கு. அந்த முடுக்கு பொம்பளைய போறதுக்கு வாறதுக்குன்னே உள்ளது, ஆம்பள தல தெரியாது. அத்தாம்பெரிய வீட்டுக்குள்ள ஒரே ஒரு பொம்பள படுத்துக் கெடக்காவ. ஜுனைதா பீவின்னு பேரு. என்னைவிட நாலஞ்சு வயசு மூப்பு இருக்கும். வீட்டுக்காரரு காலமாயி ரொம்ப நாளாச்சு. ஒரே மவ சுமையா, ஹாங்காங்குல புருசனோட இருக்கு. தங்கச்சி ரலியா அடுத்த தெருவுல. காலைல ஒருக்கா வருவாவ, சாயங்காலம் ஒருக்கா வருவாவ. மத்த நேரம் பூரா நானும் அவியளுந்தான்.

வந்த அன்னைக்கே சொல்லிட்டாவ: "உலகு, அடுப்பு உன்னுது. உனக்கு வேண்டியத நீ ஆக்கிச் சாப்புடு. எங்க சட்டியில ஆக்க மனசு வரலன்னா புதுசு வாங்கித் தர்றேன்." சொன்ன மாதிரியே புதுசு வாங்கிக் குடுத்தாவ. நான் அந்தப் புதுச் சட்டியயும் மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவிட்டுதான் அடுப்புல வச்சேன். பாத்துக்கிட்டுதான் படுத்திருந்தாவ.

மறுநாளு மத்தியானம், பாருங்க. கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு தாம்பாளம். அது நெறைய மண்ணு. துணி போட்டு மூடி வச்சிருக்கு. வீட்டுக்குள்ள மண்ணு எதுக்குன்னு எனக்கு ஒரே ரோசன. பள்ளிவாசல்ல பாங்கு சொன்னாவ. இவிய தலகாணில சாஞ்சு உக்காந்து, துணிய நீக்கி, ரெண்டு கையயும் அந்த மண்ணுல பட்டுனு தட்டுனாவ. தட்டி, ஊதி, அப்படியே மூஞ்சில தடவுனாவ. மறுபடி தட்டி, கையில தடவுனாவ. வாயி முணுமுணுக்கு. செய்வினைதான், வேற என்ன? சுடுகாட்டு மண்ணக் கொண்டாந்து வச்சி, வந்து ரெண்டு நாளாவாத எனக்குல்லா வைக்காவன்னு நெனச்சேன்.

அதோட விட்டாவளா? திரும்பப் படுத்தாவ. மொகத்த மேக்காலத் திருப்பிக்கிட்டு, கைய நெஞ்சுல கெட்டிக்கிட்டு, அசையாமக் கெடக்காவ. கண்ணு மட்டும் மூடுது, தொறக்கு, மூடுது, தொறக்கு. ஒதடு துடிக்கு. "லாத்தா"ன்னு கூப்புடுதேன். அங்கன அக்காளை லாத்தான்னுதான் சொல்லுவாவ, ரலியா சொல்லுததக் கேட்டு நானும் அப்படியே பழகிட்டேன். பதில் இல்ல. தோளப் புடிச்சி உலுக்குதேன். பதில் இல்ல. சரி, சீவன் இழுத்துக்கிட்டுன்னு பின்வாசலுக்கு ஓடி, "யாராவது வாங்களேன், போவுதே, போவுதே!"ன்னு கத்திட்டேன். முடுக்குல போன பொம்பளைய எல்லாம் திமுதிமுன்னு உள்ள வந்துட்டாவ. வந்து பாத்தா, இவிய கழுத்த அந்தப் பக்கம் ஒருக்கா இந்தப் பக்கம் ஒருக்கா திருப்பி ஸலாம் குடுத்துத் தொழுகைய முடிச்சிட்டு, "என்ன இத்தன பேரு? யாரு மவுத்தாப் போயிட்டா?"ங்காவ.

சிரிக்கிய. அவியளும் அப்படித்தான் சிரிச்சாவ, வயித்தப் புடிச்சிக்கிட்டு. வலிக்க வலிக்கச் சிரிச்சாவ.

பெறவு எனக்குச் சொல்லித் தந்தாவ. சொல்லித் தந்தாவன்னா, நான் பயந்து போயி சோறு எறங்காம இருந்தேன்லா, அதுக்காவ. "நிக்க முடிஞ்சா நின்னு தொழணும் புள்ள. முடியலன்னா உக்காந்து. உக்கார முடியலன்னா படுத்து. கை கால் ஆடலன்னா கண்ணால. அதுவும் முடியலன்னா மனசால. நெனப்பு இருக்குத வரைக்கும் தொழாமத் தப்பிக்க முடியாது. தண்ணி பட்டா எனக்கு ஒடம்பு தாங்காது. அதான் தொழுகைக்கு முன்னாடி கை கால் கழுவி ஒளு செய்யத் தண்ணிக்குப் பதிலா இந்த மண்ணு. தயம்மும்னு பேரு. சுடுகாட்டு மண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல."

நான் நம்பலியே. அன்னைக்குச் சாயங்காலமே அந்த மண்ண முருங்க மரத்து மூட்டுல கொட்டிட்டேன். அடுத்த பாங்குக்குத் துணிய நீக்குதாவ, தாம்பாளம் காலி. ஏசுவாவ, சாமானத் தூக்கிக்கிட்டுப் போன்னுருவாவன்னு நிக்கேன். என்னைய ஒரு பார்வ பாத்தாவ. "பரவால்ல. நாளைக்கு நீயே அள்ளிட்டு வா உலகு. உனக்கு நம்பிக்கையான இடத்துல பாத்து அள்ளு"ன்னாவ. அம்புட்டுதான் பேச்சு. மறுநாளு கடக்கரைக்குப் போயி, ஆளு கால் படாத எடமாப் பாத்து நானே அள்ளியாந்தேன். அதுல இருந்து மண்ணு மாத்துதது என் வேலையாப் போச்சு. சல்லடையில சலிச்சி, வெயில்ல காயப்போட்டு, சிப்பி கிப்பி இல்லாம. வேல பாக்க வந்த எடத்துல சுத்தமாப் பாக்கணும்லா, அதுக்குத்தான்.

அப்பறம் ஒரு நாளு, பீரோவுல துணி அடுக்குதேன். அடியில ஒரு பொட்டலம். வெள்ள வெளேர்னு துணி, கம்முனு வாசன. புதுச் சேலத் துணியாக்கும்னு பிரிச்சி, "லாத்தா, இத என்ன தைக்கப் போறிய?"ன்னு கேட்டேன். "அது தைக்கக் கூடாது. தையல் இல்லாமத்தான் போகணும். ஹஜ்ஜுக்குப் போனப்ப மக்கத்துல வாங்கி, ஜம்ஜம் கிணத்துத் தண்ணில நனச்சிக் காயப்போட்டுக் கொண்டாந்தேன். என் கஃபன்"னாவ. கஃபன்னா என்னன்னேன். "உங்க ஊருல கோடித்துணிம்பீங்களே, அது."

கையில இருந்ததக் கீழ போட்டுட்டேன் தாயி. எங்க ஊருல ஆளு செத்த பெறவுதான கோடி எடுத்துட்டு வருவோம். உசுரோட இருக்கும்போதே யாராவது வாங்கி, சேலையோட சேலையா அடுக்கி வைப்பாவளா? அந்த பீரோ இருக்குத ரூம்புலதான் நானும் படுக்கணும். அதுக்குப் பெறவு அந்தப் பக்கம் மொகத்த வச்சே படுத்ததில்ல.

"ஒங்களுக்குப் பயமே இல்லியா லாத்தா?"ன்னு கேட்டேன். எப்பவும் சிரிச்சிப் பேசுதவிய, அன்னைக்குச் சிரிக்கல. "பயம் இல்லாமலா? கபுருக் குழியில கொண்டு வச்சதும் ரெண்டு பேரு வருவாங்க. மலக்குங்க, வானவருங்க. உன் ரப்பு, உன் இறைவன் யாரு, உன் நபி யாருன்னு கேப்பாங்க. எனக்கு அதுகூட இல்ல பயம், அங்க போயிட்டா பதில் வந்துரும்னு நெனைக்கிறேன். அதுக்கு முன்னாடி, உயிர் போற நேரத்துல நாக்குல கலிமா இருக்கணும். கடைசி வார்த்த அதுவா இருக்கணும். இந்த வலியில என் நாக்கு பொரளாமப் போயிட்டா? அய்யோ அம்மான்னுகிட்டே போயிட்டா?" அப்படின்னு கேட்டுட்டு சுவரையே பாத்துக்கிட்டு இருந்தாவ. நான் கால அமுக்கிக்கிட்டே இருந்தேன்.

நோம்பு வந்துச்சு. ஒங்களுக்குத் தெரியாததா. ஊரே பகல்ல வாயக் கட்டிக்கிட்டுக் கெடக்கு. இவியளுக்கு நோம்பு கெடையாது, நோயாளிக்கு இல்லன்னு அவிய சாமியே விட்டுட்டாராம். ஆனா மாத்திரைக்குத் தண்ணி குடுக்கப் போனா கண்ணுல தண்ணி வந்துரும். "எல்லாரும் பிடிக்காங்க, நான் குடிக்கேனே"ம்பாவ. நானோ, அடுப்பங்கரைக் கதவச் சாத்திக்கிட்டு ஒளிஞ்சி நின்னு திம்பேன். எனக்கு என்ன வந்துச்சு சொல்லுங்க, நான் ஏன் ஒளியணும்? ஆனா தொண்டைல எறங்க மாட்டேங்கு. சாயங்காலம் பள்ளியில இருந்து நோம்புக் கஞ்சி வரும். பாங்கு சொன்ன பெறவு அவியளுக்கு ரெண்டு கரண்டி ஊட்டிட்டு, மிச்சத்த நான் குடிப்பேன். அது வீணாப் போவக் கூடாதுல்லா.

அந்த மாசம் பூரா அவிய வாயில அந்தக் கலிமா ஒண்ணுதான். மூச்சு விடுத மாதிரி: லா இலாஹ இல்லல்லாஹ், லா இலாஹ இல்லல்லாஹ். கேட்டுக் கேட்டு எனக்கு மண்டைக்குள்ள சுத்த ஆரம்பிச்சிட்டு. ஒரு நாளு கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து கீர ஆய்ஞ்சிக்கிட்டு இருக்கேன், என்னையறியாம "லா இலாஹ..."ன்னு வாயில வந்துட்டு. வந்ததும் திக்குன்னு நிறுத்திட்டேன். கொழுந்தன் சொன்னது ஞாபகம் வந்துட்டு.

படுத்துக்கெடந்தவிய எந்திரிக்கப் பாக்காவ. "ஏ புள்ள! அங்க நிறுத்தாத!"

"நான் ஒண்ணும் சொல்லல லாத்தா."

"சொன்ன. பாதில நிறுத்திட்ட. லா இலாஹன்னா, இறைவனே இல்லன்னு அர்த்தம். இல்லல்லாஹ்னா, அல்லாவத் தவிர. மீதியச் சொல்லாம விட்டா இல்லங்கறதோட நின்னுரும். உனக்கு இஷ்டம் இல்லன்னா ஆரம்பிக்காத. ஆரம்பிச்சா முடிச்சிரு."

ஒரு சொல்லு இருந்தா ஒண்ணு, இல்லாட்டி ஒண்ணு! அத்தாம்பெரிய சாமியவே இல்லன்னு ஆக்கிருமாம்! கீரைய எடுத்துக்கிட்டு அடுப்பங்கரைக்கே போயிட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலந்தான் கைய புடிச்சிக்கிட்டுக் கேட்டாவ. "உலகு, எனக்கு அந்த நேரம் வரும்போது யாரும் பக்கத்துல இல்லன்னா, நீ என் காதுல சொல்லுவியா? நீ நம்ப வேண்டாம். எனக்கு எடுத்துக் குடுத்தாப் போதும். கேட்டா நான் புடிச்சிக்கிடுவேன்."

"அய்யோ, என்னைய விட்டுருங்க லாத்தா. ஒங்க தங்கச்சி இருக்காவ, மவ வருவா. நான் எங்க அம்மனுக்கு மாவிளக்கு எடுக்கவ. என்னால முடியாது"ன்னுட்டேன். கைய உருவிக்கிட்டேன். சரின்னாவ. மறுபடி கேக்கவே இல்ல.

செய்துங்கநல்லூர் வரப்போவுது. சொல்லிருதேன்.

டாக்டர் வந்து பாத்துட்டு, மவளுக்குச் சொல்லிருங்கன்னுட்டாரு. சுமையா பிளேன் ஏறிட்டு. அன்னைக்கு மத்தியானத் தொழுக முடிஞ்சதும், ரலியா லாத்தா கார் எடுத்துக்கிட்டு தூத்துக்குடி ஏர்போட்டுக்குக் கூப்புடப் போனாவ. போறப்ப இவிய நல்லாத்தான் இருந்தாவ. "மவ வாறா, தலைய வாரி விடு"ன்னாவ. நானும் எண்ணெ தொட்டு வாரிப் பின்னி விட்டேன்.

பின்னி முடிச்சி நிமுந்து பாத்தா கண்ணு ஒரு மாதிரி இருக்கு. மூச்சு மேல மேல வாங்குது. எனக்கு இந்த மூச்சு தெரியும் தாயி, எத்தன பேரப் பாத்திருக்கேன். இது திரும்பாத மூச்சு. போன எடுத்து ரலியாவக் கூப்புட்டேன். "பிளேன் இப்பத்தான் இறங்குது, பக்கத்து வீட்ல கூப்புடு"ன்னு அழுதாவ. ஒரு பக்கத்து வீடு பூட்டிக் கெடக்கு, மெட்ராஸ்ல இருக்காவ. இன்னொரு பக்கம் ஓடலாம்னு எந்திரிச்சா, என் கைய புடிச்சிருக்காவ பாருங்க. அந்த ஒடம்புல அவ்வளவு பெலம் எங்கேருந்து வந்துச்சோ. விட மாட்டேங்காவ. இருந்த எடத்துலயே இருந்து கத்துனேன். நோம்பு வச்சிக்கிட்டு ஊரே அசந்து கெடக்கு. ஒரு கதவும் தொறக்கல.

"போன அவ காதுல வையி உலகு, நான் சொல்லுதேன்"னு ரலியா சொல்லுதாவ. வச்சேன். ஏர்போட்டு இரைச்சலு, அழுக, கர்ருபுர்ருன்னு ஒண்ணுமே வெளங்கல. இவிய அந்தப் போனவிட்டு மொகத்தத் திருப்பிட்டாவ. திருப்பி என்னையப் பாக்காவ. லைன் கட்டாயிட்டு.

ஒதட்ட அசைக்காவ. சத்தம் வரல. நாக்கு பொரளல தாயி. எத நெனச்சி பயந்துக்கிட்டு இருந்தாவளோ அதே. கண்ணு ரெண்டும் என் வாயவே பாத்துக்கிட்டு இருக்கு.

நான் ஓடிருவேன்னு நெனச்சேன். கைய உருவிக்கிட்டு ஓடிருவம்னு. குனிஞ்சிட்டேன். எப்படிக் குனிஞ்சேன்னு கேட்டா தெரியாது. காதுகிட்ட வாய வச்சி, "லா இலாஹ..."ன்னு சொல்லிட்டேன்.

அங்கன நின்னுட்டு.

எங்க அம்மன் கண்ணு முன்னால வந்து நிக்கா. செவப்புப் பட்டுக் கட்டிக்கிட்டு, நாக்கத் துருத்திக்கிட்டு. அவளுக்குப் பின்னால கொழுந்தன் நிக்கான். மீதி வர மாட்டேங்கு. இங்க இவிய நெஞ்சு மேல ஏறுது, இந்தா ஏறுது, ஏறிட்டு, எறங்குது. எறங்குததப் பாக்கேன், அடிப்பாவி, இல்லங்கறதோட அனுப்பப் போறியேன்னு உள்ளுக்குள்ள ஒரு கொரலு. "இல்லல்லாஹ்! இல்லல்லாஹ்!"ன்னு கத்திட்டேன். காதுல சொல்லணும்னாவ, நான் கத்திட்டேன். ஒதடு அசைஞ்சுச்சு. சத்தியமா அசைஞ்சுச்சு. மூச்சு வெளிய போச்சு. உள்ள வரல.

அசைஞ்சது மொதலா, மூச்சு போனது மொதலா? அதத்தான் என்னால சொல்ல முடியல.

நான் விடல. முழுசா, நிறுத்தாம, திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லிக்கிட்டே கண்ண மூடிவிட்டேன், தாடையத் துணியால கெட்டுனேன், கால நேராக்குனேன். சொல்லிக்கிட்டே இருக்கேன், பள்ளில சாயங்காலத் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்லுதாவ. பாங்கு முடியும்போது கடைசில இதே சொல்லுதானே வரும்? அந்த மனுசன் நிறுத்தாம, ஒரே மூச்சுல, கணீர்னு சொல்லி முடிச்சிட்டாரு. எம்புட்டு லேசா சொல்லிட்டாரு! எனக்கு அப்பத்தான் அழுக வந்துச்சு.

பெறவு எல்லாரும் வந்தாவ. சுமையா வந்து உம்மா காலப் புடிச்சிக்கிட்டு விழுந்து கெடந்துச்சு. பொம்பளைய எலந்த எல போட்டுத் தண்ணி காய்ச்சி, திரை கட்டிக் குளிப்பாட்டுனாவ. ஒடம்ப ஒரு நிமிசம்கூடத் தெறந்து போடல, மேல ஒரு துணி இருந்துக்கிட்டே இருந்துச்சு. சூடத்த நாங்க கொளுத்துவோம், அவிய பொடிச்சித் தடவுதாவ. அந்த வெள்ளத் துணியப் பீரோவுல இருந்து எடுத்துக் குடுத்தது நாந்தான். எனக்குத்தான் எங்க இருக்குன்னு தெரியும். அன்னைக்கு அதத் தொட எனக்குப் பயம் வரல. ஆம்பளைய சந்தூக்குப் பெட்டில வச்சித் தூக்கிட்டுப் போனாவ. பொம்பளைய வாசலோட நின்னுக்கிட்டாவ, நானும் நின்னுக்கிட்டேன்.

ரலியா லாத்தா வந்து என் தோளப் புடிச்சி, "கடைசில கலிமா சொன்னாளா?"ன்னு கேட்டாவ. "ஒதடு அசைஞ்சுச்சு"ன்னேன். அல்ஹம்துலில்லான்னு சுத்தி நின்ன அத்தன பேரும் சொன்னாவ. நோம்பு மாசம், கலிமாவோட போயிருக்கா, யாருக்குக் கெடைக்கும்னு பேசிக்கிட்டாவ. எடுத்துக் குடுத்தது யாருன்னு ஒருத்தரும் கேக்கல. நான் வாயத் தொறக்கல. தொறந்தா நின்ன கதையயும் சொல்லணும்லா.

வந்துட்டேன். ஊருக்கு வந்ததுல இருந்து வேற வீட்டுக்கும் வேலைக்குப் போவல. வார செவ்வாக்கெழம எங்க ஊர்ல அம்மன் கோயில் கொடை. நான் மாவிளக்கு எடுக்கணும். மாறுன வாயோட எடுத்தா அம்மன் சும்மா விடுவாளா? அதான் திருச்செந்தூருக்குப் போயி, கடல்ல முங்கி, நாழிக்கிணத்துல குளிச்சி, யாராவது பெரியவங்ககிட்ட கேக்கலாம்னு பாத்தேன். அய்யருகிட்ட கிட்டப் போவவே கால் வரல. எங்கயாவது பாங்கு கேட்டா வாயி தானா முணுமுணுக்கு. சேலத்தலப்ப வாயில வச்சி அமுக்கிக்கிடுதேன். அமுக்கும்போது பாதில நின்னுருமோன்னு, உள்ளுக்குள்ள மீதிய முடிச்சிட்டுத்தான் விடுதேன்.

என்ன சொல்லுதிய? நிய்யத்தா? மனசுல நெனச்சிச் சொல்லணுமா? நோயாளிக்கு எடுத்துக் குடுத்தா அதுல ஆளு மாறாதா? சரியாத் தெரியுமா?

அப்ப நான் மாறல. சரி. நல்லதாப் போச்சு. கொழுந்தனுக்கும் பயப்பட வேண்டாம், மாவிளக்கும் எடுக்கலாம்.

...

அது கெடக்கட்டும் தாயி. எனக்கு அது இல்ல. அவியளுக்கு மீதி காதுல விழுந்திருக்குமா? அதச் சொல்லுங்க. இல்லன்னு மட்டும் கேட்டுட்டுப் போயிருந்தா? அங்க ரெண்டு பேரு வந்து கேக்கும்போது, அவ காதுல கடைசியா விழுந்த சொல்லு அதுவா இருந்தா, என்னத்தச் சொல்லுவா? எம்புட்டுப் பயந்துக்கிட்டுக் கெடந்தா! லாத்தா லாத்தான்னு கூப்புட்டுக்கிட்டு இருந்த நானே...

கேட்டிருக்கும்னு சொல்லுதிய. காது கடைசிலதான் அடங்கும்னு, ஊசி போட வந்த நர்ஸும் ஒரு நாளு சொன்னா. நீங்க பாத்தியளா? அந்த நர்ஸு பாத்தாளா? யாரும் பாக்கலியே. நான் ஒருத்திதான் பாத்தேன், எனக்கே தெரியலியே.

அழாதிய தாயி. ஆளு பாக்காவ. கைய புடிச்சிக்கிடுங்க, அது போதும். எந்திரிங்க, நீங்க இறங்குத எடம் வந்துட்டு. ஒரு நிமிசம், ஒரு நிமிசம். இன்னைக்குத் தொழுவிய இல்ல? தொழுது முடிச்சிக் கையேந்தும்போது அல்லாகிட்ட ஒரு வார்த்த கேளுங்க. ஜுனைதா, காயல்பட்டினம். மீதி வந்து சேந்துச்சான்னு கேளுங்க. வரலன்னா, அது அவ குத்தம் இல்லன்னு சொல்லுங்க. நானே கேப்பேன், எனக்கென்ன வாயில்லியா? நான் பேசுனா அவருக்குக் கொரலு தெரிஞ்சிரும் தாயி. அன்னைக்குப் பாதில நின்னவ இவதான்னு கண்டுபிடிச்சிருவாரு. எனக்குப் பயமா இருக்கு. நீங்களே கேளுங்க.